பேருக்கு முன்னால் விட்ட இடம்

ஏப்ரல் 2, 2025, புதன்

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மூத்த பேரன் எழிலன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அண்ணாந்து பார்த்தால் எனக்குக் கழுத்து சுளுக்கும், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பான். மகள் வயிற்றுப் பேத்தி கீர்த்தி நர்சிங் முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறாள். சின்னவன் பீம்ராவ் பி.எஸ்சி. படிக்கிறான். கபடியில் வாங்கின கப்புகளை டி.வி. மேல் வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம்.

எழிலனுக்கும் பீம்ராவுக்கும் நடுவில் பிறந்தவள் எழில்மொழி, எங்களுக்கு எழில். ஆராய்ச்சிப் படிப்பு. எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் எந்த நண்டு பிழைக்கிறது, எது காணாமல் போகிறது, ஏன் போகிறது, இதுதான் அவள் பாடம். நான் ஐந்தாவதோடு நின்றவள். கல்மண்டபத்துப் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனியில் விரல் மரத்துப்போக உட்கார்ந்திருந்தவள். என் பேத்தி நண்டைப் படிப்பதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது! வேறென்ன வேண்டும் எனக்கு?

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். "தெனம் ரெண்டு வரி எழுது ஆயா. நல்லா வரலன்னாலும் எழுது. நாங்க அப்டித்தான் எழுதறோம். நல்லா வரட்டும்னு குந்தினு இருந்தா ஒண்ணும் வராது" என்றாள். சரி. அவள் சொல்கிற சூட்சுமங்களை எல்லாம் இதில் குறித்து வைக்கப்போகிறேன். அடுத்து பீம்ராவ் போவான். அவனுக்குப் பின்னாலும் இந்த வீட்டிலிருந்து யாராவது போவார்கள். எல்லாரும் முதலிலிருந்து முட்டிக்கொள்ள வேண்டாம் பார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழில் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். ஞாயிறு தவறமாட்டாள். ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கக் கூடாதாம். முதலில் தலைப்பு, பிறகு சுருக்கம், படங்கள், கடைசிப் பத்தி. பிடித்தால்தான் உள்ளே போக வேண்டும். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பதுபோல என்று எனக்குப் புரிந்தது.

சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் தலைவலி என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

எங்கள் பிளாக் சங்கத்துச் செயலாளர் ரவிக்குமார் வந்தான். பதினாலாம் தேதி அண்ணல் பிறந்தநாளுக்கு பேனர் அடிக்கிறார்களாம். பிளாக்கில் படித்து மேலே வந்த பிள்ளைகள் படமெல்லாம் கீழே வரிசையாக. எழிலுடையது நடுவில், பெரிதாக. பிளஸ் டூ பரீட்சைக்கு எடுத்த படம்தான் கையில் இருந்தது, கொடுத்தேன்.

"பேருக்கு முன்னாடி இன்னா போடட்டும் ஆயா?"

"டாக்டர்னு போடு."

"முடிச்சிட்சா?"

"முடிச்சிடும், போடுடா. நடுவுல குந்த வெச்சிட்டு வெறும் பேரா போடுவ?"

ஏப்ரல் 14, திங்கள்

பேனர் எங்கள் மாடி வரைக்கும் வந்தது. நீலம், வெள்ளை எழுத்து. டாக்டர் எழில்மொழி. மூலக்கொத்தளத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் காலையிலிருந்து மூன்று முறை கீழே இறங்கிப் பார்த்துவிட்டேன், முட்டி வலியோடு.

மாலையில் எழில் வந்தாள். பேனரைப் பார்த்து அப்படியே நின்றாள். கீழ்வீட்டு இருதயம்மாள் புடவையை முட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, இத்த கொஞ்சம் பாரேன். ராவெல்லாம் குத்திகினே கீது."

"நான் நண்டு டாக்டரு ஆயா. நண்டுக்கு முட்டி வலிச்சா இட்டுகினு வா" என்றாள் எழில். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு வேலை இருக்கிறது என்று பிரியாணியைத் தொடாமலே கிளம்பிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழில் வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வரவில்லை. மருமகள் ரமாபாய் திருவொற்றியூர்க் கம்பெனி கேன்டீனில் டபுள் ஷிப்ட் முடித்து வந்து, மகளுக்கென்று வஞ்சிரம் வறுத்து வைத்தாள். பீம்ராவ் தின்றான்.

மே 4, ஞாயிறு

போன் போட்டேன். "வேல கீது ஆயா" என்றாள். "எப்ப கண்ணு முடியும்?" என்று கேட்டேன். "நீ துன்னியா ஆயா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நான் கேட்டது அவள் காதுக்குள் போகவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மே 10, சனி

ஷம்ஷாத் வந்தாள். எழிலோடு ஒரே லேபில் படிக்கிற பெண், புளியந்தோப்புக்காரி. எழிலுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பின எங்கள் டிபன் பாக்ஸ் எல்லாம் கழுவி அடுக்கி எடுத்து வந்திருந்தாள். உட்கார்ந்தாள், டீ குடித்தாள், அடுக்கின டிபன் பாக்ஸையே திரும்ப அடுக்கினாள். நானே கேட்டேன்.

"இன்னா சமாச்சாரம், சொல்லு."

"நான் சொன்னன்னு சொல்லாத ஆயா. எழிலு படிப்ப வுடப்போறா. கால் சென்டருல ஆளு எடுக்கறாங்களாம், எழுதிப் போட்டுகீறா."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் கமிட்டி கூடியதாம். எழில் செய்து வைத்ததைப் பார்த்துவிட்டு, இது போதாது, இன்னும் வேண்டும் என்றார்களாம். அன்றையிலிருந்து, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு மேடம் ரூம் பக்கமே போகவில்லை. மேடம் மாடிப்படி ஏறினால் இவள் பின்பக்கமாக இறங்குகிறாள். பன்னும் டீயும்தான் சாப்பாடு. அந்த நேரத்தில்தான் பேனர். ரவிக்குமார் அதைப் போனில் போட்டு, அது சுற்றிச் சுற்றி அவர்கள் டிபார்ட்மென்ட் குரூப்புக்கே வந்துவிட்டதாம். "டாக்டரம்மா வராங்க, எந்திரிங்கப்பா" என்று பசங்கள் கலாய்த்தார்களாம்.

"நீங்க ஆசையாத்தான் வெச்சீங்க. அவளுக்கு அத்த பாக்க சொல்ல வெக்கமா கீது. வூட்டாண்ட வந்தா எல்லாரும் எப்போ எப்போன்னு கேக்கறாங்கன்றா."

எல்லாரும் யாரு? நான்தான். நான்தான் கேட்டேன். அய்யோ இன்னா வேல பண்ணிட்ட கெங்கம்மா — அந்தப் புள்ள அந்தப் பேனருக்குக் கீழ நின்னு எங்க மூஞ்சிக்காக சிரிச்சிதா? நான் கீழ மேல எறங்கி எறங்கிப் பாத்துகினு — சீ.

ஷம்ஷாத் கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "கையில ஒண்ணும் இல்லாத அன்னிக்கித்தான் ஆயா கைடாண்ட போயி குந்தணும். இருக்க சொல்ல எவ வேணா போவா. எனக்கு சீனியர் அக்கா சொல்லிக் குட்த்தது." பீம்ராவுக்காக இதைக் குறித்துக்கொள்கிறேன். ஷம்ஷாத் நன்றாக இருக்கட்டும்.

மே 11, ஞாயிறு

பேனரை இறக்கச் சொன்னேன். ரவிக்குமாருக்குக் கோபம்.

"இன்னா ஆயா பேஜாரு பண்ற! கார்ப்பரேஷன்காரனே கண்டுக்கல, நீ கழட்டுன்ற. நம்ம புள்ள பெரும ஆயா அது."

"பெரும நமக்கு. பாரம் அதுக்கு. எறக்குடா."

முணுமுணுத்துக்கொண்டே அவனும் பீம்ராவும் கயிற்றை அறுத்தார்கள். சுருட்டி எங்கள் வீட்டுப் பரணில் போட்டாயிற்று.

மே 12, திங்கள்

புத்த பௌர்ணமி. ரமாபாய் மெழுகுவத்தி ஏற்றும்போது எழில் உள்ளே வந்தாள். இளைத்துவிட்டாள். கம்பம் மட்டும் நிற்கிறதே, பேனர் எங்கே என்று கேட்டாள்.

"காத்துக்குக் கிழிஞ்சிடும்னு எறக்கிட்டோம்."

"பீலா வுடாத ஆயா."

அவ்வளவுதான், மடியில் விழுந்தாள். ரமாபாய் அழுகிறாள், பீம்ராவ் ஃபேனைப் பார்க்கிறான். "வுட்டுடலாம்னு கீறன் ஆயா. என்னால முடியல" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அவள் படிப்பில் ஒரு எழுத்து தெரியாது எனக்கு. ஷம்ஷாத் சொன்னதைத்தான் சொன்னேன், அவள் பெயரைச் சொல்லாமல்.

"ஒண்ணும் இல்லாம போயி இன்னான்னு நிப்பேன்?"

"ஒண்ணும் இல்லன்னுதான் நில்லு. நானும் வரேன். வெளிய பெஞ்சுல குந்திக்கிறேன். அப்பவும் வுடணும்னா வுட்டுட்டு வா, ரெண்டு பேரும் பஸ் ஏறிடலாம்."

"மானம் போயிடும் ஆயா, எல்.கே.ஜி. புள்ள மாரி" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். வராதே என்று சொல்லவில்லை.

மே 15, வியாழன்

போனோம். பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே எழில். கதவு மூடியிருந்தது. வெகுநேரம் கழித்துக் கைடு மேடமே வெளியே வந்தார்.

"நீங்கதான் கெங்கம்மாவா? உங்க நெத்திலிக் குழம்பு எங்க லேப்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். பிறகு என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார், அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர். "இவ வேலைய யாரும் வேணாம்னு சொல்லலம்மா. இன்னொரு மழைக்காலத்துச் சேறும் நண்டும் சேர்த்தா உறுதியா இருக்கும்னுதான் கமிட்டி சொல்லிச்சு. அத எனக்கு மெயில்ல அனுப்பிருக்காங்க. இவ வந்து கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன். நானும் கூப்பிட்டு விசாரிச்சிருக்கணும், விட்டுட்டேன்."

எழில் மேடத்துக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இனி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்த வாரம் என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்த வாரம் என்ன. ஒன்றும் செய்யவில்லை என்றாலும் அதையே எழுதிக் கொடுக்க வேண்டும். மேடத்துக்கு நன்றி சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். இங்கே எழுதுகிறேன்: நன்றிம்மா.

பஸ்ஸில் எழில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் இனி யாரும் 'எப்போ' என்று கேட்கக் கூடாது. 'இன்னிக்கி இன்னா செஞ்ச' என்று கேட்கலாம். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், சொல்லாவிட்டால் சோறு போட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

எழிலோடு எண்ணூருக்குப் போனேன். நான் கரையில். அவள் முழங்கால் வரை சேற்றில். பக்கத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள், இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு நண்டைப் பிடித்து, "ஆயா, இவரு ஆம்பள, கைய காட்டி உதாரு வுட்றாரு பாரு" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்று.

நண்டை ஸ்பிரிட்டில் ஊறப்போடுகிற பாட்டிலில் சீட்டுப் போடும்போது பென்சிலால்தான் எழுத வேண்டும். ஸ்பிரிட்டில் பேனா மை கரைந்துவிடும். சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முதல் வருஷம் பேனாவால் எழுதி, எது எந்த இடத்து நண்டு என்று தெரியாமல் அழுதாளாம். பீமு, படித்துக்கொள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழில் ஹாஸ்டலை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். காலையில் சாப்பிட்டதும் எழுத உட்காருகிறாள். போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மேலே நான் உட்கார்ந்துகொள்கிறேன். மதியச் சோற்றுக்கு அரிசி எடுக்கத் திறக்கும்போதுதான் போன் வெளியே வரும். கீழே பசங்கள் கேரம் போர்டைத் தட்டினால் இருதயம்மாள் பார்த்துக்கொள்கிறாள். "டேய், மேல புள்ள எழுதுது. வாய மூடிகினு ஆடறதுன்னா ஆடு, இல்லன்னா கடாசிடுவேன்" என்கிற அவள் சத்தம்தான் கேரம் சத்தத்தைவிடப் பெரிது. ஆனாலும் நல்ல மனுஷி.

டிசம்பர் 3, புதன்

மழையென்றால் மழை. சடையங்குப்பத்தில் ரமாபாயின் அக்கா வீட்டுக்குள் தண்ணீர், எல்லாரும் எங்கள் வீட்டில்தான். எங்கள் மாடியும் ஒழுகுகிறது. விடியற்காலையில் எழிலின் கம்ப்யூட்டர் மேல் சொட்டி, அது திறக்கவே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. அவள் பதறவில்லை. ஒன்று மேடத்திடம், ஒன்று மெயிலில், ஒன்று ரமாபாய் சாவிக்கொத்தில் தொங்குகிற பென்டிரைவில். எழுதினதை மூன்று இடத்தில் வைக்காமல் தூங்கப் போகமாட்டாளாம். நேற்று ராத்திரி எழுதினது வரைக்கும் இருக்கிறது!

அவளுடைய புத்தகமும் அச்செடுத்த தாள்களும் அலமாரியில் நனையாமல் இருக்க, பரணிலிருந்து பேனரை இறக்கிப் போர்த்தினோம். டாக்டர் என்கிற எழுத்து மேலே தெரிந்தது. எழில் பார்த்தாள். "இருக்கட்டும் ஆயா, தண்ணி எறங்காம நல்லா தாங்குது" என்றாள். அப்படியே விட்டோம்.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

மழைக்காலத்து நண்டு முடிந்தது. இன்று அவள் எழுதவில்லை. வாரத்தில் ஒரு நாள் எழுதக் கூடாது என்பதும் மேடம் சொன்னதுதான். பீச்சுக்குப் போய்விட்டு வந்தார்கள், ஷம்ஷாத்தும் இவளும்.

மார்ச் 27, வெள்ளி

ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். கெட்டி அட்டை போட்டது, தூக்கினால் கை இறங்குகிறது. முன் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள். ஷம்ஷாத் பெயர், எண்ணூரில் இறால் பிடிக்கிற பெண்களின் பெயர்கள், கேரம் சத்தத்தை அடக்கினதற்கு இருதயம்மாள். 'அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த என் ஆயாவுக்கு' என்று ஒரு வரி. நான் எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன்.

இனி வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துப் பார்த்து, கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அது எப்போது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ரவிக்குமார் வந்தான். இந்த வருஷப் பேனர். வாசலிலேயே நின்றான், போன வருஷக் கோபம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

"இன்னா ஆயா, இந்த வாட்டியாச்சும் எழில போடலாமா? பேருக்கு முன்னாடி இன்னா போடணும்னு நீயே சொல்லிடு. அப்பறம் எறக்கு ஏத்துன்னு என்னிய அலைய வுடாத."

அவளையே கேள் என்று எழில் பக்கம் கையைக் காட்டினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. எழில் இட்லித் தட்டோடு எழுந்து வந்தாள்.

"பேரு மட்டும் போடுண்ணா. முன்னாடி கொஞ்சம் எடம் வுட்டு வை. அடுத்த வருசம் அதே பேனர்ல ஒட்டிக்கலாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் மூஞ்சிக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை இது.

எழில், நான் இல்லாதபோது நீ இந்த டைரியை எடுத்துப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கேயே சொல்கிறேன். அந்தப் பிளஸ் டூ படம் வேண்டாம்; அதில் நீ பயந்துபோய் இருக்கிறாய். ஷம்ஷாத்தைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போ. முழங்கால் வரை சேறு, காதில் பென்சில், கையில் அந்த உதாரு நண்டு. அப்படியே ஒரு புதுப் படம் எடுத்து ரவிக்குமார் போனுக்குப் போட்டுவிடு. பதினாலுக்குள் வேண்டும் கண்ணு.