அம்பைக் கிளையில் மூன்று பேருக்கு ஒரு ஐடி

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட புடவை அடுத்த வீட்டு முருங்கையில். மழை இல்லை. மேற்கே மட்டும் கருக்கல்.

வேலை: அறக்கட்டளையின் ஐந்து நூலகக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டம். அதில் யார் யாருக்கு என்ன அனுமதி என்று இந்த மாதத்துக்குள் பட்டியல் தர வேண்டும். செயலாளர் (இனி செ.) கேட்டு மூன்று வாரம் ஆயிற்று.

இன்று பார்த்தது:
– டவுண் கிளை. ஆறு பேர், ஆறு ஐடி. சரி.
– சீவலப்பேரி. ஒருவர், ஒரு ஐடி. பாஸ்வேர்டு அவருடைய கைபேசி எண்ணேதான். மாற்றச் சொன்னேன். "வேற எந்த நம்பரும் எனக்கு ஞாபகத்துல நிக்காதும்மா" என்கிறார்.
– வேலையை விட்டுப் போனவர்கள் நான்கு பேர். நான்கு ஐடியும் உயிரோடு. மூன்றை மூடினேன்.
– நான்காவது அம்பாசமுத்திரம் (அம்பை) கிளையில். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமான நூலகருடையது. அவர் பெயரில் தினமும் யாரோ உள்ளே வருகிறார்கள்.

அம்பைக் கிளைப் பொறுப்பாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த ஐடில போனாத்தான் எல்லாம் திறக்குதும்மா. எங்க ஐடில பாதிப் பொத்தான் மங்கலாக் கெடக்கு. அதனால மூணு பேரும் அதுலயே போறோம்." பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டியிருக்கிறார்களாம். மூன்று பேர் என்றால் அண்ணாச்சி, உதவியாளர் பேச்சியம்மாள், தற்காலிகப் பணியாளர் மைமூன்.

நாளைக்கு மூடுகிறேன் என்றேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பே மூடியிருக்க வேண்டியவள் நான்.

பல்வலி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மூடவில்லை. அதற்குள் பதினொரு மணிக்கு அண்ணாச்சியின் போன்.

"எம்மா வடிவு, உறுப்பினர் ஒருத்தரையும் காணல."

"எங்க காணல?"

"சிஸ்டத்துலதான். வாசகர் முன்னால நிக்காரு. கார்டு கையில இருக்கு. அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

திறந்து பார்த்தேன். அம்பைக் கிளை உறுப்பினர்கள் 286 பேர். ஒருவர்கூட இல்லை. யார் கையில் எந்தப் புத்தகம் என்ற பதிவும் கூடவே போயிற்று.

சிஸ்டம் தானாக எழுதி வைக்கும் குறிப்பில்: சனி, பிற்பகல் 3.12, மொத்தமாக அழிப்பு. ஐடி, ஓய்வு பெற்றவருடையது. அதற்குப் பிறகு இன்றுவரை புத்தகம் எடுக்கவோ கொடுக்கவோ யாரும் வரவில்லையாம்.

பேக்கப் ஞாயிறுதோறும். புதிய நகல் பழையதன் மேலேயே எழுதும். ஞாயிற்றுக்கிழமை நகலில் சனிக்கிழமை போனது போனபடி. அதற்கு முந்தைய நகல் கிடையாது. இரண்டு முறை தேடினேன்.

செ.விடம் சொன்னேன். வக்கீலாக இருந்தவர், குரல் உயராது.

"யாரு செஞ்சது?"

"தெரியலை சார். மூணு பேருக்கும் ஒரே ஐடி."

"அந்தத் தற்காலிகப் பிள்ளைக்கு முப்பதாம் தேதியோட ஒப்பந்தம் முடியுதுல்லா? அத்தோட நிறுத்திருவோம். மத்த ரெண்டு பேரும் நிரந்தரம்."

"அவதான் செஞ்சான்னு தெரியாதே சார்."

"தெரியாதுங்கதை எழுதிக் குடு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

தேங்காய்ப்பால் சொதி வைப்பதாக இருந்தேன். தோசையோடு முடிந்தது.

ஜூன் 18, புதன்

அம்பைக்குப் போனேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் கார் பருவ நெல் நடவு. எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன்.

பேச்சியம்மாள்: "நான் பேரு டைப் பண்ண மட்டுந்தான்க்கா அதைத் தொடுவேன். சனிக்கிழமை பூரா பழைய பத்திரிகையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அண்ணாச்சி: "மத்தியானம் நானும் கொஞ்ச நேரம் உக்காந்தேன். எதை அமுக்குனேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல."

கடைசியாக மைமூன். முப்பத்தொரு வயது. பத்தமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். நூலக அறிவியலை அஞ்சல் வழியில் படித்து முடித்தவள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நான்தான்க்கா."

ஒரு தாளை நீட்டினாள். என்ன செய்தாள் என்று வரிசையாக எழுதியிருந்தாள். வாயாலும் சொன்னாள்.

"ரெண்டு வருஷமாப் புதுப்பிக்காத ஆளுங்களை எடுக்கச் சொல்லி அண்ணாச்சி சொல்லியிருந்தாவ. அந்தப் பட்டியலைத் தனியாப் பிரிச்சேன். நடுவுல ஒரு வாசகர் வந்தாரு. புத்தகம் எடுத்துக் குடுத்துட்டு வந்து உக்காந்தேன். அதுக்குள்ள திரையில முழுப் பட்டியலும் வந்திருக்கு. பார்க்காம அழிச்சிட்டேன். உறுதியான்னு கேட்டுச்சு. ஆமான்னு போட்டேன்."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"நேத்து எனக்கே தெரியாது. பழைய ஆளுங்களைத்தான் அழிச்சோம்னு நெனச்சேன். வீட்டுல போயி யோசிச்சேன். பழைய ஆளுங்க நாப்பது பேருதான். ஆனா அழிஞ்சு முடிய ரொம்ப நேரம் ஆச்சு. அப்பத்தான் புரிஞ்சுது."

யார் செய்தது என்று குறிப்பில் தெரியவே தெரியாது என்று சொன்னேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்று நான் எழுதிவிடலாம் என்றும் சொன்னேன். சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

"அப்படி எழுதாதீங்கக்கா. எழுதுனா மூணு பேரு மேலயும் நிக்கும். பேச்சியக்கா நேத்துல இருந்து சாப்பிடல."

"முப்பதாம் தேதி விஷயம் தெரியும்லா?"

"தெரியும்."

குரல் அதில் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

பஸ் ஏற்றிவிட அண்ணாச்சி கூட வந்தார். பாதி வழியில் நின்றார். பிறகு, "நானா இருந்தாச் சொல்லியிருப்பேனான்னு தெரியல வடிவு. ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு" என்றார். அவரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். இன்றுதான் பிடித்தது.

ஜூன் 19, வியாழன்

அறிக்கை. மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை எழுதியதில் பிழை முழுக்க மைமூனுடையது. அவள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் தாளில் சாக்கு ஒன்றுகூட இல்லை. எல்லோரும் அந்த ஐடியில்தான் போனார்கள் என்பதைக்கூட எழுதவில்லை.

கடைசியில் எழுதியது சுருக்கமாக: ஓய்வு பெற்றவரின் ஐடியை மூடாதது நான். மூன்று பேருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியைக் கொடுக்காததால்தான் அவர்கள் அதில் போனார்கள். மொத்தமாக அழிக்கும் அனுமதி கிளையில் யாரிடமும் இருந்திருக்கக் கூடாது. ஒரே ஒரு நகல் போதுமா என்று கேட்காதவளும் நான். அழித்தது மைமூன், கவனக்குறைவால், தானே வந்து சொன்னார்.

வீட்டில் இவுக, என் வீட்டுக்காரர், வாசித்துவிட்டு, "உம்மேல நீயே எழுதிக் குடுக்கியா?" என்றார்கள். ஆமா என்றேன். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள்.

செ. வாசித்தார். "இதுல உம் பேரு நாலு இடத்துல நிக்கி."

"ஆமா சார்."

"அந்தப் பிள்ளை பேரு ஒரு இடத்துல."

"ஆமா சார்."

மடித்து வைத்துவிட்டார். முப்பதாம் தேதிக்குள் 286 பேரையும் திரும்ப ஏற்றிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார்.

பழைய ஐடியை மூடியாயிற்று. அம்பையில் மூவருக்கும் தனித்தனி ஐடி. சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. மைமூனிடம் போனில் சொன்னேன். "அதுதான்க்கா சரி" என்றாள்.

ஜூன் 21, சனி

மறுபடி அம்பை. சாரல் அங்கேவரை வந்திருந்தது. குடை எடுக்கவில்லை.

காகித விண்ணப்பங்களை அண்ணாச்சி எறியாமல் பீரோவில் வைத்திருந்தார். புண்ணியம். அவர் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறார், மைமூன் ஏற்றுகிறாள். பேச்சியம்மாள் போனில், வாசகர் ஒருவரிடம்:

"அண்ணாச்சி, லைப்ரரில இருந்து பேசுதேன். உங்க கைல நம்ம புத்தகம் ஏதும் இருக்கா? இல்ல இல்ல, அபராதம்லாம் இல்ல. எங்களுக்குத்தான் கணக்கு தெரியாமப் போச்சு."

கணக்கு இல்லை என்ற உண்மையை அப்படியே சொல்லிவிடுகிறாள். புத்தகம் இல்லை என்று வாசகர்கள் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மத்தியானம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மூன்று புத்தகத்தோடு வந்தார். இரண்டு இந்த மாதத்தியது. மூன்றாவதை மேசையில் வைத்து, "இது நாலு வருஷமாக் கெடக்கு. யாரும் கேக்கல, வச்சிக்கிட்டேன்" என்றார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மைமூன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து விண்ணப்பம் ஏற்றுவாள். நிறுத்துவாள். பத்தையும் தாளோடு ஒத்துப் பார்ப்பாள். பிறகு அடுத்த பத்து. அவசரம் எங்களுக்குத்தான். ஒரே தெருவில் இரண்டு ஆறுமுகம், இரண்டிலும் உறுப்பினர் எண் அழிந்திருந்தது. "இவரு சோசியப் புத்தகம் மட்டும் எடுப்பாரு. அவரு பிள்ளைக்குக் கதைப் புத்தகம். கையெழுத்து சாய்ஞ்சிருக்கது சோசியக்காரரு" என்று பிரித்து வைத்தாள். போன் போட்டுப் பார்த்தோம். சரிதான்.

என் டீயில் ஆடை படிந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

பல் பிடுங்கியாயிற்று. பாதி முகம் இல்லாத மாதிரி.

அம்பையில் 190 முடிந்தது.

மென்பொருள் கம்பெனியோடு ஒரு மணி நேரம். இனி நான்கு வார நகல் தனித்தனியாக இருக்கும். மைமூன் நேற்று ஒன்று கேட்டிருந்தாள்: அழிக்கும் முன் உறுதியா என்று மட்டும் கேட்காமல், எத்தனை பேர் என்று காட்டினால் என்ன? கம்பெனிக்காரரிடம் சொன்னேன். செய்து தருகிறோம் என்றார். அன்றைக்கு 286 என்று திரையில் வந்திருந்தால் அவள் கை நின்றிருக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் இதைச் சொல்லியிருக்கலாம். அடுத்தவள் கைக்காகக் கேட்கிறாள்.

வாங்க: அரிசி மாவு, கேஸ் புக்கிங், மகளுக்கு ரெக்கார்டு நோட்டு இரண்டு.

ஜூன் 28, சனி

279. மீதி ஏழு பேருக்கு விண்ணப்பம் இல்லை. மைமூன் விசாரித்து விசாரித்து வீடு தேடிப் போயிருக்கிறாள். இரண்டு பேர் கல்லிடைக்குறிச்சியில். ஒரு வீட்டில் உட்காரவைத்து இட்லி கொடுத்தார்களாம். சாயங்காலம் அண்ணாச்சியிடமிருந்து செய்தி, வெறும் எண்: 286.

நன்றி அண்ணாச்சி என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 30, திங்கள்

வெயில். காற்று நின்றுவிட்டது.

அனுமதிப் பட்டியலை செ. முன் வைத்தேன். புதிதாக ஒரு வரி: நான் விடுப்பில் இருந்தால் முழு அனுமதியோடு இன்னொருவர் வேண்டும். அண்ணாச்சியிடம் முதலில் கேட்டேன். "எனக்கு வேண்டாம், அவளுக்கே போடு" என்றுவிட்டார். அப்படியே எழுதியிருந்தேன்.

செ. அந்த வரியில் விரலை வைத்தார்.

"அழிச்ச பிள்ளைக்கா?"

"அழிச்சேன்னு சொன்ன பிள்ளைக்கு சார்."

தெருவில் டவுண் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அது போகும்வரை செ. பட்டியலை மறுபடி படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார்.

"வேலையில இல்லாத ஆளு யாருக்கும் ஐடி இருக்கக் கூடாதுன்னு இதே தாள்ல நீதானே எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"அப்ப முதல்ல அந்தப் பிள்ளை ஒப்பந்தத்தை எடு. அதைப் போடாம இதைப் போட முடியாது."

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு. இரண்டிலும் போட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் உண்டு. அதிலும் போட்டார். வாங்கிக்கொண்டேன்.

மைமூனுக்குப் போன் செய்தேன். "அல்லா" என்றாள். பின்னால் பேச்சியம்மாள், "என்னளா ஆச்சு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாளை ஆறு நாற்பது பஸ். ஐடியை அவள் முன்னாலேயே திறக்க வேண்டும். பாஸ்வேர்டை அவளே போடட்டும். அந்த நேரம் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டும்.