துரைசானியின் நடை

1938, மாசி மாதம், வெள்ளி இரவு. பாப்பாரப்பட்டி நாடகக் கொட்டகை.

பென்னாகரத்தில் மேடைப் பலகை உடைந்து முட்டி பிசகிய பிறகு, இன்றைக்குத்தான் குதிகால் உயர்ந்த பூட்ஸை மாட்டினேன். நாடகத்தில் எனக்கு இரண்டு பெண் வேஷம். ராணிக்கு வெறுங்கால். நடுவில் வரும் காமிக்கில் வெள்ளைக்காரத் துரைசானிக்குத்தான் பூட்ஸ். நான் படுத்திருந்தபோது எனக்குப் பதிலாக இரண்டு வேஷத்தையும் கட்டியவன் ஒரு சேலத்துக்காரன். அவன் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. தினமும் என் முட்டியைத்தான் பார்க்கிறான்.

ஒத்திகையில் பலகை மேல் ஏறியதும் வலது கால் டக்கென்று விழுந்தது, இடது கால் இழுத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு பல்லைக் கடித்தும் நேராகவில்லை. கூட நடிக்கும் பபூன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டி வலிக்குதாடா?" என்று காதோடு கேட்டார்.

"இல்லீங்கண்ணே."

எதிரே கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்த நொண்டல எங்கடா புடிச்ச? துரைசானிக்கு இதையே வெச்சுக்க. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

அது நடிப்பில்லை; ஆனாலும் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அவர் எழுந்து போகும்போது திரும்பி, "நாளைக்கு ராணிக்கு மட்டும் நேரா நடந்துரு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, திரைக்குப் பின்னால் ராணியாக நிமிர்ந்து நடந்து பார்த்தேன். மெதுவாக. திரும்பவும் ஒரு தடவை.

வெறுங்காலிலும் துரைசானிதான் வருகிறாள்.