பிறக்காத மகள்

மச்சான்,

குழந்தை பெற்றவனைச் சண்டைக்குக் கூப்பிடக்கூடாது என்பது நம் கும்பலின் வழக்கம். நீ சொல்லாமல் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போனதில் எல்லோருக்கும் கோபம். அதனால் உனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். உனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது; போன ஊரிலேயே ரகசியமாக நடந்துவிட்டதென்று நம்பவைத்தேன்.

"யாரு ஜாடைடா?" என்று தலைவர் கேட்டார்.

"நல்லவேளை, அம்மா ஜாடைண்ணே."

சிரித்துவிட்டு, "பொழைச்சுப் போறான், விட்டுடுங்கடா" என்றார்.

பள்ளிக்கூட வழியில் அடி வாங்கிப் பயந்துதான் நாம் இந்தக் கும்பலில் சேர்ந்தோம். இப்போது அதே வழியில் நாங்கள் அடிக்கிறோம்.

இந்தப் பக்கம் வராதே, என்னைப் பார்க்கக்கூட. பொய் தெரிந்தால் இருவரையும் தொலைத்துவிடுவார்கள்.

"நீ எப்படா அப்பா ஆகப்போறே?" என்று என்னையும் கேட்டார்கள். சிரித்து வைத்தேன். எனக்காக அப்படி ஒரு பொய் சொல்ல இங்கே இனி யாரும் இல்லை.

உன் கடைசி பெஞ்சுக்காரன்