சம்பந்தியம்மா காத்திருந்த நேரம்

அன்பு மகளுக்கு,

நேற்று உன் மாமியார் முதல் முறையாக என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எட்டு மாதமாக நான் ஸ்பானிஷ் படிப்பதே அவர்களிடம் ஒன்றைச் சொல்லத்தான்: "கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வீம்பு பிடித்துவிட்டேன்."

இறந்தகாலம் சரியாக வருமா என்ற சந்தேகத்தில் நோட்டைப் புரட்டினேன். வினைமுற்றுக்குச் சிவப்பு மை, எச்சத்துக்குப் பச்சை. பக்கம் அகப்படுவதற்குள் அவர்கள் மூன்று முறை "ஓலா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

"பரீட்சையா எழுதுறீங்க? தப்பாப் பேசினா தலையையா வாங்கிடுவாங்க?" என்றாள் உன் அம்மா. எரிச்சலில் நோட்டை விட்டெறிந்தேன். பிறகு நானே எடுத்துத் துடைத்தும் வைத்தேன்.

ஞாயிறு காலை நோட்டில்லாமல் கூப்பிடுகிறேன். தப்பும் தவறுமாகத்தான் வரும். நான் சொல்லி முடிக்கும்வரை வைத்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவை, கண்ணு.

கல்யாணத்துக்கு வராத
உன் அப்பா