முதல் இரண்டு வரிகள்

வியாழன், இரவு.

பிரிக்பீல்ட்ஸில் இன்று புரோகிராமர் வேலைக்கு நேர்காணல். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைச் சொல்லும் புரோகிராம். தன்னையே திரும்ப அழைக்கும் ஃபங்ஷனாகப் போர்டில் எழுதச் சொன்னார்கள். செந்தூல் டியூஷனில் நான் வாராவாரம் நடத்தும் பாடம். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

மேலாளர் பார்த்தார். "முதல் ரெண்டு நம்பர் எங்க, மிஸ்? இப்படியே விட்டா இது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும்லா."

டியூஷனில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே, முதல் இரண்டு எண்களைக் கொடுக்கும் அந்த இரண்டு வரிகளைப் போர்டில் எழுதிவிடுவேன். பாடம் மூன்றாவது வரியில்தான் தொடங்கும். இன்றும் கை அங்கேயே தொடங்கிவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"பரவால்ல, பார்த்துட்டு சொல்றோம்."

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டு வைத்தார். இந்த வயதில் இனி எனக்கு யார் வேலை...

நாளை டியூஷன். சீக்கிரம் போய் அந்த இரண்டு வரிகளை எழுதிவைக்க வேண்டும்.