துறைமுகத்துக்கு மேலே வந்த கழுகு

பூக்குட்டி, உன் இருமல் விட்டதா? பெரியம்மாவின் கால்வலி எப்படி? திருகோணமலையில் நான் சுகம்.

நேற்று ஒரு வெட்கக்கேடு. நான் வேலைசெய்யும் வீட்டுக் குசினி வாசலில் சமையலுக்கு மீன் வெட்டும்போது துறைமுகத்துக்கு மேலே பெரிய கழுகு ஒன்று வட்டமடித்தது. நம் தேயிலைத் தோட்டத்தில் கோழி தூக்கினாலும் அப்பா கல்லெறிய விடாத மலைக்கழுகு என்றே நினைத்தேன். போய்ச்சேர்ந்த அப்பாவே என்னைத் தேடி வந்துவிட்டார் என்று கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன். நல்ல பாரைமீன் துண்டொன்றை மதிலில் வைத்து, "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். காகங்கள்தான் வந்தன. விளக்குமாற்றால் அடித்து விரட்டினேன்.

வீட்டுக்கார ஸுல்பிகா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது கடல்கழுகு புள்ள. உங்கட மலைக்கழுகுக்குக் கொண்டை இருக்குமெண்டு நீதானே சொன்ன? இதுக்கு எங்க கொண்டை? இது கடல்ல மீன் பிடிக்கிற சாதி."

வீணாக்கிய மீனைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

அப்பா போர்த்திய கம்பளியை இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. இங்கே வெக்கைதான், இருந்தாலும் அனுப்பு.

கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். கருமாதியன்று காகத்துக்குச் சோறு வைத்துத்தானே அப்பாவைக் கூப்பிட்டோம்? நேற்று நான் அடித்து விரட்டியதில் அப்பாவும் இருந்தாரா, பூக்குட்டி?