தம்பிஐயா வீட்டு வைபையும் நிரோஜாவின் ஏழு மணிப் பஸ்ஸும்

புலோலி,
பருத்தித்துறை.
வெள்ளிக்கிழமை, காலை

அன்பு மகள் தக்சாயினிக்கு,

பிள்ளையார் கண் திறந்து பார்த்ததில் இங்கே நானும் சித்தியும் உன் தங்கச்சி நிரோஜாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்ற நினைப்போடு பேனையை எடுக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், செவ்வாய்க்கிழமை நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஊர் முழுக்கக் கடை பூட்டிக் கதவடைப்பு வரும் என்றேன், வந்தது. கடைசி நேரத்தில் ஒரு தாள் காலை வாரும் என்றேன், வாரியது. நீ அனுப்பிய பிறின்ரர் நல்ல நாளில் சும்மா இருந்துவிட்டு அவசரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும் என்றும் சொன்னேன். சித்தியைக் கேட்டால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்பாள், அவளுக்கு ஞாபகசக்தி குறைவு. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன், போனில் கதைத்தால் அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகத் திருத்துவாள். மரியநாயகி ரீச்சர் வருகிற கிழமை ரொறன்ரோவுக்கு மகளிடம் வருகிறா, அவவிடம் இதையும் இரண்டு பை தட்டை வடையும் கொடுத்துவிடுகிறேன். வடையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதே.

நீ எழும்பிப் பார்த்தபோது என்னுடைய பதினேழு அழைப்பு போனில் கிடந்திருக்கும். இரவு வேலை முடித்துப் போனை நிற்பாட்டிவிட்டுப் படுத்தவளில் பிழை சொல்ல மாட்டேன். நிரோஜா பிறகு "எல்லாம் சரி அக்கா" என்று மூன்று சொல்லில் செய்தி அனுப்பினாளாம். மூன்று சொல்லில் அடங்குகிற காரியமா அது. செவ்வாய் காலை அவள் பெட்டி அடுக்கிவிட்டு, நீ முன்பு அனுப்பிய அழைப்புக் கடிதத்தைப் பாஸ்போட்டோடு வைத்துக் கடைசியாக ஒருக்கால் பார்த்திருக்கிறாள், பாஸ்போட் இலக்கத்தில் ஆறு வர வேண்டிய இடத்தில் ஒன்பது. பிள்ளை அப்படியே பெட்டியின் மேல் இருந்துவிட்டாள். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம், புதன் காலை ஏழரைக்குக் கொழும்பில் விசா நிலையத்தில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த நேரம் ரொறன்ரோவில் அவளுடைய வகுப்புத் தொடங்கிய பிறகுதான், இந்த வருடப் படிப்பு அத்தோடு சரி. நீ உடனே திருத்தி மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டாய், அதில் நீ என் பிள்ளைதான். ஆனால் அந்தத் தாளின் அடியில் இவளை வளர்த்தவன் என்று நான் மையால் கையெழுத்து வைக்க வேண்டும். கொழும்பில் இறங்கி அடித்து எடுக்கலாம் என்ற கதைக்கே இடமில்லை. கையும் இங்கே, பேனையும் இங்கே, தாள்தான் இல்லை. கதவடைப்பென்றாலும் ஓடுகிற கொழும்புப் பஸ் இரவு ஏழு மணிக்கு.

கதவடைப்பென்றால் இந்த முறை சும்மா கதவடைப்பில்லை, பருத்தித்துறைச் சந்தியில் நடுறோட்டில் ஒரு நாய் மல்லாந்து படுத்திருந்தது, நான் சைக்கிளில் இரண்டு தரம் போய் வந்தபோதும் அது எழும்பவில்லை. போட்டோக் கொப்பிக் கடைக்காரன் இதுதான் சாட்டென்று குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டான், அடுத்த நாள்தான் வருவானாம். நான் நெல்லியடி வரைக்கும் மிதித்தேன், நாற்பது கடை பார்த்திருப்பேன், நாற்பதும் பூட்டு. திரும்பி வரும்போது இரண்டரை மணி. ஆனால் நான் கலங்கவில்லை, வீட்டில் உன் பிறின்ரர் இருக்கிறது, சிலேட் அளவு போன் மாதிரிச் சித்தியின் ரப் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

பிறின்ரருக்குச் சித்தி பழைய திரைச்சீலையில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள், அதற்குள்ளே அது வந்த பொலித்தீனும் அப்படியே, வெளிநாட்டுச் சாமான் கீறுப்படக்கூடாதாம். சட்டையைக் கழற்றி, பொலித்தீனைக் கழற்றி, வயரைக் கொழுவினோம். ரப்பில் உன் கடிதம் பளிச்சென்று தெரிகிறது, நிரோஜா பிறின்ற் என்று அமத்தினாள், பிறின்ரர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுத்து வந்தது. இரண்டு முழம் தள்ளிக் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது, அதைக் கிடைக்கவில்லையாம். நான் ரப்பைக் கொண்டுபோய் பிறின்ரரின் மேலேயே வைத்தேன். அப்போதும் கிடைக்கவில்லை. நிற்பாட்டிப் போட்டோம், தட்டினோம், தெற்குப் பார்த்து இருந்ததைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினேன். மூன்றரை மணி ஆகிவிட்டது. நான் இன்னும் ஒரு யோசனை சொல்ல வாயெடுக்க நிரோஜா, சித்தப்பா தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ, நேரம் போகுது என்றாள். அந்தப் பிள்ளை என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. நீ முந்தியே சொல்லியிருந்தாயாம், ரப்பும் பிறின்ரரும் ஒரே வைபையில் நின்றால்தான் ஒன்றை ஒன்று காணும் என்று. ஒன்றில்தானே நிற்கிறது, எங்கள் வீட்டில் இரண்டு வைபையா இருக்கிறது என்று நான் கேட்டேன். நிரோஜா சித்தியைப் பார்த்தாள், சித்தி முகட்டைப் பார்த்தாள். உனக்குச் சொல்லவில்லை, மூன்று கிழமைக்கு முன்னம் விழுந்த மின்னலில் எங்கள் றவுட்டர் அடிபட்டுப் போனது. உனக்குக் கவலை தரக்கூடாது என்று நானே அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பூட்டினேன், அடுத்த நாளே ரப் வேலை செய்தது. ஊருக்குள் மூன்று பேர் தங்கள் றவுட்டரையும் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது நிரோஜா சொல்கிறாள், அது திருந்தேல்லை சித்தப்பா, அண்டைக்கே செத்துப்போச்சு, ரப்பில வாறது தம்பிஐயா மாமா வீட்டு வைபை என்று.

உனக்குத் தெரியும், பக்கத்து வளவுத் தம்பிஐயாவோடு நாங்கள் ஒன்பது வருடமாகக் கதைப்பதில்லை. வேலி அடைக்கும்போது எங்கள் பக்கம் அரைச் சாண் தள்ளிக் கதியால் நட்டவன் அவன், கோடு கச்சேரி வரைக்கும் போய் நாலு வருடம் தவணைக்கு நடந்து, கடைசியில் நீதவான் இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்ன வழக்கு. அவனுடைய வைபையில்தான் நான் மூன்று கிழமையாகக் காலையில் பேப்பர் படித்திருக்கிறேன். உனக்கு அனுப்பிய பிள்ளையார் படம் அவ்வளவும் அவன் வீட்டுக்குள்ளால் வந்தது. அவன் மகள் வித்தியாதான் வேலியால் வந்து சித்தியின் ரப்பில் பாஸ்வேட்டை அடித்துக் கொடுத்தாளாம், இரண்டு வீட்டு ஆம்பிளையளுக்கும் தெரியாமல். கோபப்பட நேரமில்லை, மணி நாலு.

ஆக, பிறின்ரர் செத்த எங்கள் றவுட்டரைத் தேடிக்கொண்டு நிற்கிறது, ரப் தம்பிஐயா வீட்டில் நிற்கிறது. பிறின்ரரையும் அந்த வைபைக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு அந்தப் பாஸ்வேட்டைப் பிறின்ரரின் சின்னக் கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தாக அமத்த வேண்டும். ரப்பில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் காட்டுகிறது, எட்டுப் புள்ளி. நிரோஜா தன் போனிலிருந்து வைபை கொடுத்துப் பார்த்தாள், பிறின்ரர் அதைப் பிடிக்கவில்லை. வித்தியாவுக்கு எடுத்தால் அவள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கதவடைப்பிலும் நிற்காத கம்பஸ் சோதனைக்குள் இருக்கிறாள், போன் நிற்பாட்டியிருக்கிறது. உனக்கு எடுத்தோம், நீ நித்திரை. சித்தி சாமி அறைக்குள் போய்க் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு வந்து, உங்கடை கெட்டித்தனத்தில ஏறி ஏழு மணிப் பஸ் ஓடாது, ஏதாவது செய்யுங்கோ என்றாள். நிரோஜா அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பெட்டியின் பூட்டைத் திறக்கிறதும் பூட்டுகிறதுமாக இருந்தாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் கதிரையில் இருந்து கண்ணை மூடினேன். எட்டு எழுத்து, தம்பிஐயா எப்படிப்பட்டவன், எதை மறக்க மாட்டான் என்று யோசித்தேன். சாமி பெயர் வைக்கிற ஆளில்லை, மகள் பெயரும் வைக்க மாட்டான். பட்டென்று பிடிபட்டது, எங்கள் வேலி வழக்கின் இலக்கம். காணி என்று இங்கிலீசில் நாலு எழுத்து, பின்னால் வழக்கு இலக்கம் நாலு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லுவேன், அவனும் சொல்லுவான். நான் சொல்லச் சொல்ல நிரோஜா அமத்தினாள், முதல்தரம் ஒரு எழுத்துப் பிழைத்தது, இரண்டாம் தரம் பிறின்ரரின் நீல வெளிச்சம் சிமிட்டிச் சிமிட்டி, பிறகு அசையாமல் நின்றது. தாளை இழுத்தது. பாதியில் ஒருக்கால் நின்று மூச்சு வாங்கியது, மூன்று பேரும் மூச்சு வாங்கவில்லை. பிறகு முழுதாக வந்து விழுந்தது, ஆறு ஆறாகவே இருந்தது. கையெழுத்து வைத்தேன், சூடு ஆறாத தாள். ஐந்தே முக்கால். பஸ் நிற்கிற இடத்துக்கு நாற்பது நிமிடம் முந்தியே போய் நின்றோம்.

கொழும்பில் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டார்களாம், குறை ஒன்றும் சொல்லவில்லையாம். முடிவு வர நாலைந்து கிழமை ஆகும். வரும் என்று எனக்குத் தெரியும், இதையும் எழுதி வைத்துக்கொள், நான் முந்தியே சொன்னேன் என்று பிறகு சொல்ல வேண்டும். அவள் வந்து சேர்ந்தால் முதல் கிழமை தனியே பஸ் ஏற விடாதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகிற பழக்கம் அவளுக்கு. நீயும் இரவு வேலையைக் குறை, படுக்கும்போது போனை நிற்பாட்டாதே, சத்தத்தை மட்டும் குறைத்து வை. சித்தி உனக்கு ஒரு சுவெற்றர் பின்னுகிறாள், அளவு சொல்லி அனுப்பு. எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளையார் உன் பக்கத்தில் நிற்பார், நல்லாக இரு என் பிள்ளை.

கையெழுத்து வைக்கப் பேனையைக் கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உன் தாளில், மேலே உள்ளது உண்மை என்று அச்சடித்த வரிக்குக் கீழே வைத்த அதே கையெழுத்து இது. மேலே எழுதியதில் ஒன்று உண்மையில்லை. பாஸ்வேட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. நாலரை மணிக்கு நான் எழும்பிப் பின்வளவுக்குப் போனேன், சித்தி முன்னே போய் வாழைக்குப் பின்னால் ஒரு தகரத்தை ஒரு கையால் நகர்த்தினாள், வேலியில் ஆள் புகுந்து போகிற அளவு திறந்த பொட்டு. எத்தனை வருடமாக இருக்கிறதோ, நான் கேட்கவில்லை. குனிந்து போனேன். தம்பிஐயா கிணற்றடியில் தலை முழுக்கச் சவர்க்காரத்தோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார், காலடி கேட்டு ஆர் என்றார். நான்தான் என்றேன். அண்ணையோ என்றார், கண்ணைத் திறக்காமலே. நான் வழியில் யோசித்துக்கொண்டு போன வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை, நிரோஜாவுக்கு ஒரு தாள் அடிக்க வேணும், உங்கடை வைபை பாஸ்வேட் வேணும், ஏழு மணிக்குப் பஸ் என்றேன். அவர் ஒரு வாளி அள்ளி ஊற்றினார், இன்னொரு வாளி அள்ளினார். பிறகு என்னைப் பாராமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீசில காணி, பிறகு வழக்கு நம்பர் அண்ணை, மறக்க மாட்டன் எண்டு வைச்சது என்றார். கேட்க வந்த எனக்கு இருந்த வெட்கத்தைவிடச் சொன்ன அவருக்குக் கூடுதலாக இருந்தது. நான் நாலு இலக்கத்தையும் சொன்னேன், ஓம் என்று தலையாட்டினார்.

அத்தோடு முடியவில்லை. பாஸ்வேட் ஏறிய பிறகும் பிறின்ரருக்கு அந்த வைபை எட்டவில்லை, பாதியில் நின்றதாக எழுதினேனே, அது அதுதான். தம்பிஐயா ஈரத் துவாயோடு றவுட்டரை நீட்டு வயரில் கொழுவிக் கொண்டுவந்து, வேலிக்கு மேலாலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வந்திட்டுதோ பிள்ளை, வந்திட்டுதோ பிள்ளை என்று கேட்டுக்கொண்டு. நிரோஜா வந்திட்டுது மாமா என்று சொல்லும் வரைக்கும் கையை இறக்கவில்லை.

அவருக்கும் போனில் ஒரு கோல் எடுத்துக் கதை. நம்பர் என்னிடம் இல்லை, சித்தியிடம் இருக்கும்.

இப்போது கையெழுத்து வைக்கிறேன்.

உன்னை வளர்த்த சித்தப்பா,
வே. தியாகராசா